ரிஜிஸ்டரில் வாட்ச்மேன்

மூன்றாவது தடவையும் சளியில் ஒன்றும் இல்லை என்றே எழுதி வந்திருந்தது. காகிதத்தை நீட்டிய லேப் ஆள் அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அவள் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நடைபாதை ஓரத்து பெஞ்சில் இருந்த கணவரிடம் வந்தாள். ஒன்றும் இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும். அவளால் முடியவில்லை. ஒன்றும் இல்லாத மனுஷன் நாலு மாதத்தில் பதினோரு கிலோ இளைப்பானா?

அவர் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தார். சாய்ந்து உட்கார்ந்தால் இருமல் வந்துவிடும். பக்கத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே தள்ளிப்போய் உட்கார்ந்திருந்ததால் அந்த பெஞ்சில் மட்டும் இடம் தாராளமாக இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"அதேதான்."

"நல்லதுதானே."

"ரொம்ப நல்லது. நீங்க மூச்சு விடறத நிறுத்திட்டுப் பேசுங்க, இல்ல பேசறத நிறுத்திட்டு மூச்சு விடுங்க" என்றாள். அவர் உதட்டால் மட்டும் சிரித்தார்.

நெஞ்சு வியாதிப் பிரிவில் அவரைப் பார்ப்பது சின்ன டாக்டரம்மா. படிப்பு முடித்து அதிக காலம் ஆகாதவர். கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம் இருக்கும். ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, வலது பக்கம் மேலே பேனா முனையால் ஒரு வட்டம் காட்டினார்.

"போன மாசம் சீழு கட்டின இந்தப் பொந்து எலுமிச்சம்பழம் அளவு இருந்துச்சு. இப்பப் பாருங்க. டிபின்னு நெனச்சுத்தான் மருந்து குடுத்தோம். படம் அப்படித்தான் இருந்துச்சு. முதல் மாசம் கொஞ்சம் கேட்டுச்சு, அப்புறம் கேக்கல. சளியிலயும் டிபி கிருமி வரவே இல்ல." அவர் பைலைப் பின்னாலிருந்து முன்னாலும் முன்னாலிருந்து பின்னாலும் புரட்டினார். "இவருக்கு மாற்றுக் கிட்னி வேற. அதுக்குச் சாப்பிடற மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வெச்சிருக்கு. மத்தவங்களுக்கு வராததெல்லாம் இவருக்கு வரும். வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா?"

"இல்லீங்க" என்றாள்.

"புறா வளக்கறீங்களா? தோட்ட வேலை, மண்ணு, எருவு எதாவது?"

"இல்லீங்க."

"வேலை... வாட்ச்மேன்னு போட்டிருக்கு."

"ஆமாங்க" என்றார் அவர், அவளை முந்திக்கொண்டு. "கேட்டுல உக்காந்திருக்கற வேலைங்க."

அவள் பைலில் இருந்த அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தாள். தலைகீழாகத் தெரிந்தாலும் அவளால் படிக்க முடிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோனபோது அவள் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு கிட்னி டாக்டர் இருவரையும் எதிரில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். கூட்டத்துக்குப் போகக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது, ஆடு மாடு குதிரை எதன் பக்கமும் தலை வைத்துப் படுக்கக் கூடாது. "குதிரை லாயத்துலயா வேலை? அப்ப அந்த வேலையை விட்டுடணும். சம்மதமா? இல்லேன்னா கிட்னி வெச்சு என்ன புண்ணியம்?" இருவரும் சம்மதம் என்று தலையாட்டினார்கள்.

லாயத்து மேனேஜர் அன்று தங்கமான மனுஷனாக இருந்தார். பதினாறு வருஷம் குதிரை பார்த்தவனை எப்படித் தெருவில் விடுவது என்று சொல்லி, ரிஜிஸ்டரில் பெயருக்கு நேரே வாட்ச்மேன் என்று எழுதினார். லாயத்தின் பின்வரிசையில் இருந்த அறையும் அவர்களுக்கே நின்றது. அவள் தீனி அறையில் வேலையைத் தொடர்ந்தாள். ஓட்ஸும் தவிடும் அளந்து முப்பத்தோரு வாளியில் போட்டு, ஒவ்வொரு குதிரைக்கும் எழுதியிருக்கிறபடி கலந்து அனுப்புவது அவள் பொறுப்பு. லாயத்தில் எல்லோருக்கும் அவள் தீனியக்கா.

இரண்டேகால் வருஷம் அவர் கேட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தக் குட்டி பிறந்தது. தாய்க் குதிரை யாரையும் அண்ட விடவில்லை, ஒருத்தன் விலாவில் உதைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அந்தத் தாய் குட்டியாக இருந்தபோது வளர்த்தவர் அவர்தான். "ஒரே ஒரு வாரம். நீ உள்ள வந்து நின்னாப் போதும், அது அடங்கிடும்" என்று மேனேஜர் கேட்டுக்கே வந்து கூப்பிட்டார். கூப்பிட்டவர்தான் அவர்கள் குடியிருக்கிற அறைக்கும் மேனேஜர். ஒரு வாரம் இரண்டு மாதமாயிற்று. லாயத்து ஆட்கள் அவரை "வாட்ச்மேன்" என்றே கூப்பிட்டுக் கலாட்டா செய்தார்கள். நெட்டையன் என்கிற குதிரைக்காரன் ஒரு படி மேலே போய், "வாட்ச்மேன் அண்ணே, கேட் எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா, வழி சொல்லட்டுமா?" என்பான். அவரும் சிரிப்பார். திரும்பக் குதிரைகளிடம் போனதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவளும் வாயை மூடிக்கொண்டாள். கிட்னி டாக்டரிடம் மாதாமாதம் போகும்போதும் கேட்டில்தான் இருக்கிறார் என்றே சொன்னாள்.

சின்ன டாக்டரம்மா வேறு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, பத்து நாளில் வரச் சொன்னார். மூச்சு ரொம்ப முட்டினால் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும் என்றார்.

மூன்றாம் நாள் காலை அவள் தாய்க் குதிரையின் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். தூக்குகிற ஆள் வரவில்லை. கொட்டடிக்குள் குதிரை டாக்டர் குட்டியின் விலாவில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மாதம் இரண்டு முறை காரில் வந்து போகிறவர். பேச்சுக்காரர், எதிரில் யார் இருந்தாலும் விளக்கம் சொல்லாமல் விடமாட்டார். குட்டிக்கு இப்போது எட்டு மாதம். கழுத்தில் மயிர் பளபளத்தது. அசையாமல் நிற்கப் பிடிக்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தரையில் தட்டியது.

"பாத்தியாம்மா, என்ன சுத்தமா மூச்சு விடுது" என்றார் அவளிடம். "அன்னிக்குச் சீக்கா கிடந்தப்ப இது நுரையீரல்ல பொந்து பொந்தா சீழு. படத்தைப் பாத்தா மனுஷனுக்கு வர்ற டிபி மாதிரியே இருக்கும். நல்லவேளை, மூணாவது நாளே மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்து லேபுக்கு அனுப்பினேன். பேரு தெரிஞ்சுது, மருந்து தெரிஞ்சுது."

வாளி அவள் கையிலேயே இருந்தது. பொந்து. சீழ். டிபி மாதிரி. அந்த மூன்று வார்த்தைகளையும் அவள் வேறு ஒரு வாயிலிருந்து, வேறு ஒரு படத்துக்கு முன்னால் கேட்டிருந்தாள்.

"இது எங்கிருந்து வருதுங்க?"

"சாணியில இருக்கும், மண்ணுல இருக்கும். காஞ்ச தரையைப் பெருக்கறப்ப தூசியோட மூக்குல போகும். பெரிய குதிரைக்கு ஒண்ணும் செய்யாது, குட்டிக்குத்தான்."

"மனுசங்களுக்கு?"

"வராது, வராது. நாம எல்லாம் தினம் அதைத்தானே சுவாசிக்கறோம்." கழுத்திலிருந்து குழாயை எடுத்துச் சுருட்டினார். "எதிர்ப்புச் சக்தியே இல்லாதவங்க, அதை அடக்கற மாத்திரை சாப்பிடறவங்க, அப்படி எங்கயோ ஒருத்தருக்கு அபூர்வமா வந்திருக்குன்னு படிச்சிருக்கேன். ஏன், யாருக்கு என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். கொட்டடி வாசலில் மேனேஜர் வந்து நின்றார்.

"சும்மாத்தாங்க கேட்டேன்" என்றாள்.

தீனி அறைக்குத் திரும்பி வந்தவளுக்கு எந்த வாளிக்கு என்ன போட்டோம் என்று தெரியவில்லை. கிழட்டுக் குதிரைக்குப் பந்தயக் குதிரையின் அளவைக் கொட்டிவிட்டு, திரும்ப அள்ளினாள். தவிடு தரையெல்லாம் சிந்தியது. குட்டி படுத்திருந்த நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூக்கில் வழிந்த சீழை வெறும் விரலால் வழித்து எறிவார். கிடையாகக் கிடந்தால் மூச்சு முட்டும் என்று அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி நிறுத்துவார். மூக்கோடு மூக்கு வைத்து மூச்சு விடுவார், குட்டிக்கு ஆளைத் தெரிய வைக்க லாயத்தில் எல்லோரும் செய்கிறதுதான் அது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "என்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படிக் கொஞ்சியிருக்கீங்களா?" என்று கேலி செய்திருக்கிறாள்.

மத்தியானம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள். அவர் சுவரோரம் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தார். சொல்லி முடிக்கும் வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

"குட்டிக்கு வந்ததா எனக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? ஆனா டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம். கேட்டுல இல்ல, உள்ளதான் இருந்தாருன்னு."

"வேணாம்."

"ஏங்க?"

"அந்தக் கிட்னி டாக்டர் என்ன சொன்னாரு? சம்மதமான்னு கேட்டாரு. ரெண்டு பேரும் தலையாட்டினோம். இப்பப் போய் ஏமாத்திட்டோம்னு சொன்னா? மாசாமாசம் மாத்திரை அங்கதான் சும்மா குடுக்கறாங்க. நிறுத்திட்டாங்கன்னா?" பேச்சு நடுவில் இருமல் வந்து உலுக்கியது. அடங்கிய பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்புறம் இங்க. லாயத்துல வியாதின்னு வெளிய தெரிஞ்சா ஆபீசருங்க வந்து பூட்டு போட்டுடுவாங்க. அத்தனை குடும்பமும் நம்ம மூஞ்சியிலதான் காறித் துப்பும். மொதல்ல இந்த ரூம் போகும்."

"உங்க உயிரு?"

"பேர் தெரியாட்டி என்ன, மருந்து குடுத்துட்டுத்தானே இருக்காங்க."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். அன்று முழுதும் அடுப்பில் எதை வைத்தாலும் பாதியில் இறக்கினாள். பக்கத்து அறைப் பெண் வந்து என்ன ஏது என்று கேட்டபோது தலைவலி என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஏழாம் நாள் காலை அவர் பல் தேய்க்கப் போனார். இருமல் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது குழாயடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தொட்டியின் வெள்ளைச் சிமெண்டில் ஒரு கை அளவு இரத்தம், நுரையோடு.

"பல்லுலேருந்து வந்துச்சு" என்றார்.

"ஆமா, பல்லு நெஞ்சுல முளைச்சிருக்கு" என்றாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நெட்டையனைக் கூப்பிட்டாள். அவன் தீவன வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனான். வழியில் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வார்டில் சேர்த்து, மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். மாலையில் பெரிய டாக்டர் நாலைந்து பேரோடு வந்து பார்த்து, நின்றபடியே பேசிவிட்டுப் போனார். அவளுக்குப் புரியும்படி சொல்லச் சின்ன டாக்டரம்மா மட்டும் தங்கினார். கையில் ஒரு படிவம் இருந்தது.

"இது என்ன கிருமின்னே எங்களுக்குத் தெரியலம்மா. இப்படியே விட்டா நாளைக்கோ மறுநாளோ மூச்சு நின்னுடும். அதனால எதிர்ப்புச் சக்தியை அடக்கற மாத்திரையை நிறுத்திப் பாக்கலாம்னு பெரியவர் சொல்றாரு. நிறுத்தினா உடம்பு தானே சண்டை போடும். ஆனா..."

"ஆனா?"

"உடம்பு அந்தக் கிட்னியோடவும் சண்டை போடும். அது போயிடலாம். யாரு குடுத்தது?"

"நான்தாங்க."

டாக்டரம்மா படிவத்தைக் கட்டிலின் ஓரத்தில் வைத்து, பேனாவை அதன் மேல் வைத்தார். "யோசிச்சுட்டுப் போடுங்க. ரொம்ப நேரம் யோசிக்க முடியாது."

அவள் பேனாவை எடுத்தாள். அவளுக்கு இடது விலாவின் கீழே தையல் இருந்த இடம் எப்போதும் கொஞ்சம் மரத்தே இருக்கும். அங்கே கையை வைத்துக்கொண்டாள். கட்டிலில் அவர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். படிவத்துக்கு வேண்டாம் என்கிறாரா, அவள் சொல்லப் போவதற்கு வேண்டாம் என்கிறாரா என்று அவள் கேட்கவில்லை.

"டாக்டரம்மா, நாங்க ஒரு பொய் சொல்லிட்டோம்."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. குதிரை, குட்டி, சீழ், மடியில் வைத்துக்கொண்டது, மூக்கோடு மூக்கு வைத்தது, காய்ந்த சாணியைப் பெருக்கியது, குதிரை டாக்டர் சொன்னது எல்லாம் முன்னுக்குப் பின் வந்து விழுந்தன. டாக்டரம்மா நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் குட்டிக்கு டெஸ்ட் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. மூணாவது நாளே."

டாக்டரம்மா பைலைத் திறந்து முதல் பக்கத்தில் இருந்த 'வாட்ச்மேன்' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து லேபைக் கூப்பிட்டார். அவர் பேசியதில் பாதி அவளுக்கு விளங்கவில்லை, மீதி விளங்கியது. "போன மாசம் வளர்ந்த கிருமியை ஏன் எழுதல?... வாயில இருக்கற சாதாரணக் கிருமின்னு தூக்கிப் போட்டுட்டீங்களா? எந்த நிறத்துல வளர்ந்துச்சு?... லேசான சிவப்பா? ஆமா, எனக்குத் தெரியும், வாட்ச்மேன்னு எழுதியிருந்தா உங்களுக்குத் தோணாது. இப்ப நான் புதுசா அனுப்பறேன். குதிரைக்காரர்னு எழுதி அனுப்பறேன்."

போனை வைத்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. "நாலு மாசம்மா" என்றார். "நாலு மாசம் கையில வெச்சுக்கிட்டே தேடியிருக்கோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மருந்து குடுக்காம வெளிய அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டோம்."

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அப்படி யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே நினைத்துக்கொண்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

படிவத்தை டாக்டரம்மா திரும்ப எடுத்துக்கொண்டு, லேபில் வளர்ந்து வரும் வரை அதில் கையெழுத்து வேண்டாம் என்றார். அன்றைக்கே மூச்சுக்குழாயைக் கழுவிச் சாம்பிள் எடுத்து, மருந்தையும் மாற்றினார்கள். எந்த மருந்துக்குக் குட்டியின் கிருமி அடங்கியது என்று தெரிந்தால் நேரம் மிச்சமாகும் என்று சொல்லி, லாயத்துக்கு அவரே போன் செய்து குதிரை டாக்டரின் ரிப்போர்ட்டைக் கேட்டார். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையில் எடுத்தது மேனேஜர். என்ன கேட்டாலும் "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று மரியாதையாகவே பதில் வந்தது.

நாலாம் நாள் லேபிலிருந்து பெயர் வந்தது. வாய்க்குள் நுழையாத பெயர். டாக்டரம்மா அதை அவளுக்காக இரண்டு முறை சொன்னார். அதற்குள் காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியிருந்தது. ஆறு மாதம் மருந்து, அதற்கு மேலும் ஆகலாம். கிட்னி கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, முன்பு சாப்பிட்ட டிபி மருந்து கிட்னி மாத்திரையை உடம்பில் நிற்க விடவில்லை, இனிமேல் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். நுரையீரலில் விழுந்த பொந்து முழுதாக மூடாது. பழையபடி ஓடியாடி எதுவும் முடியாது. "ஆனா பொழைக்க வழி இருக்கு" என்றார். "தூசி இல்லாத சுத்தமான ரூம், பக்கத்துல ஆஸ்பத்திரி, வேளைக்கு மருந்து. இந்த மூணும் இருந்தா." அவள் மூன்றையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டாள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் மேனேஜர் வந்தார். வார்டு வாசலில் நின்று புது மாஸ்க் ஒன்றைப் பிரித்து மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் இன்னொன்றையும் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பையில் ஆப்பிள் இருந்தது. கூடவே பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு காகிதங்கள். ஒன்று குட்டியின் ரிப்போர்ட். அதை அவளிடம் கொடுத்து, டாக்டரம்மாவிடம் கொடுத்துவிடச் சொன்னார். இன்னொன்றைக் கையிலேயே வைத்திருந்தார்.

"எப்படிப்பா இருக்க? இளைச்சுட்டியே."

"பரவால்லீங்க சார்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு காகிதத்தை அவளிடம் நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்து வேணும்மா. ஒண்ணுமில்ல, ஆபீஸ் விஷயம். படிச்சுப் பாரு."

அவள் படித்தாள். நான் வாட்ச்மேன் வேலைக்கு மட்டுமே அமர்த்தப்பட்டவன். கொட்டடிக்குள் சென்றதும் குதிரைக் குட்டியைத் தொட்டதும் என் சொந்த விருப்பத்தின் பேரில் செய்தவை. நிர்வாகத்துக்கு இது தெரியாது. இதன் பொருட்டு நானோ என் குடும்பத்தாரோ பின்னால் எதையும் கோரமாட்டோம்.

"தெரியாதா?" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவு இறங்கியிருந்தது. "நீங்கதானே சார் கேட்டுக்கே வந்து கூப்பிட்டீங்க. ஒரு வாரம்னு சொன்னீங்க."

"நான் இல்லேன்னு சொல்றேனா?" மேனேஜருக்கு மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அது அவளைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், குதிரைக்குத் தெரியும். ரிஜிஸ்டருக்குத் தெரியாதேம்மா. ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்ததும் ஓனர் என்னைக் கூப்பிட்டு வாட்ச்மேன் எப்படி உள்ள போனான்னு கேக்கறாரு. நான் என்ன சொல்றது? எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"போடலேன்னா?"

"போட்டா ஆறு மாசத்துக்கு ரூம் உங்களுதுதான். நான் பேசி வாங்கியிருக்கேன். உன் தீனி வேலையும் போகாது. போடலேன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்றாரு. வாட்ச்மேன் வேலைக்கு வராதவனுக்கு ரூம் எதுக்குன்னு கேக்கறாரு." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நானே நாலு தடவை கெஞ்சித்தான் இவ்வளவு."

டாக்டரம்மா இருக்கிறாரா என்று அவள் வார்டின் கோடி வரை பார்த்தாள். பார்வையாளர் நேரத்தில் டாக்டர்கள் வருவதில்லை. தூசி இல்லாத ரூம், பக்கத்தில் ஆஸ்பத்திரி, வேளைக்கு மருந்து. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். லாயத்து அறை தூசி அறைதான், ஆனால் அதுவும் போனால் தெரு. இருபது வருஷமாக வேறு எந்தக் கூரைக்குக் கீழும் அவர்கள் படுத்ததில்லை. போன வாரம் வாயால் சொன்ன பொய்யை அழுது தீர்த்தாயிற்று, இப்போது அதையே எழுத்தில் கேட்கிறார்கள். காகிதத்தைக் கிழித்து மேனேஜர் மடியில் போட வேண்டும் போல இருந்தது. கிழிக்கவில்லை. கணவரைப் பார்த்தாள்.

அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். "குடு" என்றார்.

வலது கையில் ஊசி குத்தியிருந்ததால் பேனா பிடிக்கச் சரியாக வரவில்லை. அவள் பைலைக் காகிதத்துக்கு அடியில் வைத்து, அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள். பெயரை எழுதி முடிக்க அவருக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மேனேஜர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு காகிதத்தை வாங்கி, மை காயட்டும் என்று காற்றில் இரண்டு முறை ஆட்டி, உறைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்து நின்றவர் தோளிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது தெரிந்தது.

"சார்" என்று கணவர் கூப்பிட்டார். "குட்டி எப்படி இருக்கு?"

மேனேஜர் திரும்பினார். அவர் கண் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தது. அதில் கள்ளம் எதுவும் இல்லை.

"அடேயப்பா, அதைக் கேக்கற! நேத்துப் புல்லு மைதானத்துல அவிழ்த்து விட்டோம். ஒரு ஓட்டம் ஓடுச்சு பாரு, நெட்டையன் பின்னாலயே ஓடிக் குப்புற விழுந்தான். மருந்தெல்லாம் நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. நெஞ்சுல ஒரு தழும்பு இல்லைங்கறாரு டாக்டர். அன்னிக்கு மூணாவது நாளே பாத்ததாலதான் பொழச்சுதாம். ஓனர் ஒரு நிமிஷம் யோசிக்கலயே, என்ன டெஸ்ட் வேணும்னாலும் எடுங்கன்னுட்டாரு."

அவர் போன பிறகும் கணவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். இத்தனை நாளில் அந்த முகத்தில் அவள் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது.

"கேட்டியா?" என்றார். "ஓடுதாம்."

சிரிக்கப் பார்த்தார். பாதியில் இருமல் வந்துவிட்டது. அவள் ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கி, மறுகையால் கட்டிலுக்கு அடியில் இருந்த கிண்ணத்தை எடுத்து அவர் வாயருகே பிடித்தாள்.